ஓடைக்குப் போன சிரிப்பு

சங்கரபாகத்துக்குக் கருமாதி முடிந்த மறுநாள், அவர் எழுதிய புத்தகங்களிலிருந்து சிரிப்பு கிளம்பிப் போய்விட்டது. எழுத்து ஒன்றும் அழியவில்லை, பக்கம் ஒன்றும் கிழியவில்லை, காற்புள்ளிகூட வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் வெள்ளோடைக்குறிச்சியில் யார் எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும், விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய இடத்தில் வாய் மட்டும் திறந்ததே தவிர சிரிப்பு வரவில்லை.

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு நடுவே ஒரு ஓடை போகிறது. பேரில் வெள்ளை இருந்தாலும் ஊர் அழுக்கு முழுவதும் அதில்தான் போகிறது. ஆள் உயரத்துக்கு ஆழம், மேலே மூடி கிடையாது. கோயில் வளைவில் தொடங்கி, கடைவீதியை ஒட்டி இறங்கி, கீழத்தெருவுக்குள் நுழைந்து, கடைசியில் குளத்தில் போய் விழும். அந்த ஓடையைப் பற்றியும், அதை மூடாத பேரூராட்சியைப் பற்றியும், மூடச் சொல்லாத ஊரைப் பற்றியும் நாவல் நாவலாக எழுதியவர்தான் சங்கரபாகம். யாரைக் கிண்டல் செய்து எழுதினாரோ அவர்களே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எழுதியது பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள், பக்கத்து வீட்டுக்காரனும் அப்படியே நினைத்துக்கொண்டான்.

மாசி மாதம் அவர் பிறந்தநாளன்று வாசகசாலையில் கூட்டம் நடக்கும். வந்தவர்கள் வரிசையாக எழுந்து, தமக்குப் பிடித்த சங்கரபாகம் புத்தகம் எது என்று சொல்லி, தாம் அதிகமாகச் சிரித்த பக்கத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுப்பார்கள். வாங்கியவர் நூல் கட்டிய பக்கம்வரை படித்து, சிரித்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் படிக்கக் கூடாது என்று யாரும் விதிக்கவில்லை. சிரித்து முடித்த பிறகு எதற்குப் படிக்க வேண்டும் என்று அவர்களாகவே விட்டுவிட்டார்கள். சிலர் 'ஆடு தின்ற கோப்பு' என்பார்கள், சிலர் 'அத்தைக்கு ஒரு சிலை' என்பார்கள். ஆனால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் சிபாரிசு செய்தது 'மாலை வரவில்லை' என்ற நாவலைத்தான், அதிலும் நூல் விழுந்தது ஒரே பக்கத்தில்தான்.

அந்த நாவலில், மழைநாளில் ஒரு பையன் திறந்த ஓடையில் விழுந்து செத்துப்போகிறான். ஊர்த் தலைவர் இரங்கல் கூட்டம் போடுகிறார். மாலை வந்து சேரவில்லை, அது வழிதவறி முடிதிருத்தும் கடைத் திறப்புவிழாவுக்குப் போய்விடுகிறது. கடைவீதிச் சிலையின் கழுத்திலிருந்து பழைய மாலையைக் கழற்றி வருகிறார்கள். அதை யார் முதலில் போடுவது என்று தலைவரும் துணைத்தலைவரும் இழுக்க, மாலை அறுந்து பூவெல்லாம் தரையில் கொட்டுகிறது. கடைசியில் தலைவர் வேறு யாருக்கோ எழுதிய உரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஏழு வயதுப் பையனைப் பற்றி, "அன்னாரின் நீண்ட பொதுவாழ்வு நமக்கெல்லாம் வழிகாட்டி" என்று படிக்கிறார். சிவப்பு நூல் அந்த இடத்தில்தான்.

அந்தப் பையனின் பெயர் புத்தகத்தில் வேறு. ஊரில் அவன் பெயர் கொம்பையா. அவன் அம்மா பேராச்சி, கீழத்தெருவில் தையல் மிஷின் வைத்திருந்தாள். ஊரில் சாயம் போகாத சிவப்பு நூல் அவளிடம்தான் இருந்தது. வருஷா வருஷம் கூட்டத்துக்கு முன் யாராவது வந்து, "பேராச்சி, நூல் கொஞ்சம் குடு" என்று கேட்பார்கள், அவளும் நறுக்கிக் கொடுப்பாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். அவள் முகத்தை மட்டும் அவர்கள் பார்க்க மாட்டார்கள், நூலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

புத்தகம் வெளிவந்த புதிதில் அவள் சங்கரபாகம் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"எம்புள்ள சாவ வச்சு ஊரச் சிரிக்க வச்சிட்டீயளே அண்ணாச்சி."

"ஊரு வெக்கப்படும்னு நெனச்சேன் தாயி."

"படலையே."

அவள் அந்தப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, எட்டாம் வகுப்புவரை படித்தவள், தானே வாசித்தாள். உரை படிக்கிற இடம் வந்ததும் வீசி எறிந்தவள்தான், அதற்குப் பிறகு தொடவில்லை. அவர் செத்தபோது துக்கத்துக்கும் போகவில்லை.

சிரிப்பு போனதும் ஊர் முதலில் அச்சகத்தைத் திட்டியது. புதுப்பதிப்பில் தாள் மட்டம் என்றார்கள். பழைய பதிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள், அவையும் வெறுமையாக இருந்தன. மருமகனுக்குப் புத்தகம் சிபாரிசு செய்த மாமனார்கள் அவமானப்பட்டார்கள். பிறகு ஐப்பசி மழை பெய்தது. மழை விட்ட காலையில் காப்பிக்கடை சொள்ளமுத்து கடையைத் திறந்து பாலை அடுப்பில் வைத்தபோது, முட்டையிட்ட கோழி கொக்கரிப்பதுபோல ஒரு சிரிப்பு ஓடைக்குள்ளிருந்து வந்தது. அந்த மாதிரி சிரிப்பவன் ஊரில் ஒருவன்தான் உண்டு. சொள்ளமுத்து தன் வாயைத் தொட்டுப் பார்த்தான், அது மூடித்தான் இருந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிப்பு கேட்டது. அரிசி மண்டிக்கு எதிரே மண்டிக்காரரின் சிரிப்பு, தபாலாபீசுக்குப் பின்னால் தபால்காரரின் சிரிப்பு. வளைவுக்கு அடியில், ஸ்டார்ட் ஆகாத மோட்டார்போல இழுத்து இழுத்து வருவது பேரூராட்சித் தலைவர் வயிரவநாதனின் சிரிப்பு. இத்தனை வருஷமாக அந்தப் புத்தகங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பெல்லாம், சிரித்தவர் குரலிலேயே, ஒன்றுகூட விட்டுப்போகாமல் ஓடைக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஊர் அதிசயப்பட்டதெல்லாம் ஒரு பொழுதுதான். சாயங்காலத்துக்குள் பழகிவிட்டது. மனிதர்கள் வீதியில் குனிந்து நடந்து தங்கள் சிரிப்பைத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்கள், "என்னது மண்டிகிட்ட கெடக்கு, உம்மது எங்க வே?" என்று கேட்டுக்கொண்டார்கள். கண்டுபிடிக்க முடியாதவர்கள், படிக்காதவன் என்று ஊர் நினைத்துவிடுமோ என்று பயந்து, ஏதோ ஒரு சிரிப்பைக் காட்டித் தங்களுடையது என்றார்கள். செத்துப்போன அப்பாவின் சிரிப்பைக் கேட்க வெளியூரிலிருந்து பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். கணவன் மனைவி பிரிந்திருந்த ஒரு வீட்டில், இரண்டு பேர் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டதால் சமாதானம் ஆனதாகப் பேச்சு. உட்கார்ந்து கேட்பதற்கு வசதியாகச் சொள்ளமுத்து கடை வாசலில், ஓடையைப் பார்த்தபடி, ஒரு நீளக் கருங்கல் பலகையைப் போட்டான், வியாபாரம் பெருகியது. மூக்கைப் பொத்திக்கொண்டு காதைத் திறந்து வைத்துக்கொள்ள ஊர் கற்றுக்கொண்டது.

போக வேறு இடமா இல்லை? குளம் இருந்தது, கோயில் இருந்தது, இடிந்த சினிமாக் கொட்டகை இருந்தது. சிரிப்பு ஏன் ஓடைக்கு வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பேராச்சி கேட்க வேண்டியதில்லை, அவளுக்குத் தெரியும். அவள் வேறொன்றைத் தேடினாள். பையில் தைத்த துணிகளைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகக் கொடுக்கப் போகிற சாக்கில், வளைவிலிருந்து கீழத்தெருவரை ஓடை ஓரமாகவே நடந்து, சங்கரபாகத்தின் சிரிப்பைத் தேடினாள். கிடைத்தால் அந்த இடத்தில் நின்று காறித் துப்ப வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. எழுதும்போது அந்த ஆள் எப்படியெல்லாம் சிரித்திருப்பான், மாலையை வழிதவறவிட்டபோது எப்படிக் குலுங்கியிருப்பான். நாள் தவறாமல் நடந்தாள், காது வலிக்கக் கேட்டாள். ஊரில் எல்லாருடைய சிரிப்பும் இருந்தது. எழுதியவருடைய சிரிப்பு மட்டும் எங்குமே இல்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாக இருந்தது. இத்தனை காலமாகக் கோபத்தை வைத்திருந்த இடத்தை யாரோ காலி செய்யச் சொன்னதுபோல இருந்தது.

கார்த்திகையில் சங்கடங்கள் தொடங்கின. அரிசி மண்டிக்காரர் இறந்து, பாடை கடைவீதி வழியாகப் போனபோது, ஓடையிலிருந்து அவருடைய சிரிப்பே அவரை வழியனுப்பியது. பெண் பார்க்க வந்தவர்கள், யார் எங்களைப் பார்த்துச் சிரிப்பது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு மந்திரி வந்தார். வளைவுக்குப் பக்கத்து மேடையில் நின்று, இந்த ஊரில் பாலும் தேனும் ஓடும் என்று சொல்லிக் கைதட்டலுக்காக நிறுத்தினார். அந்த இடைவெளியில் வயிரவநாதனின் சிரிப்பு இழுத்து இழுத்து எழுந்தது. மந்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயிரவநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

மறுவாரமே ஓடைக்கு மூடி வந்துவிட்டது.

எந்த மூடிக்காகப் பேராச்சி மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தாளோ, எந்த மூடிக்கு நிதி இல்லை, அளவு எடுக்கவில்லை, அதிகாரி லீவு என்றார்களோ, அந்த மூடி லாரி லாரியாக வந்து இறங்கியது. ஒரு பிள்ளை விழுந்து செத்ததற்கு வராத கல், தங்கள் சிரிப்பு தங்கள் காதில் விழுந்ததற்கு வந்தது. வளைவிலிருந்து கடைவீதி முடியும்வரை மூடினார்கள். கீழத்தெரு தொடங்கும் இடத்தில் கல் தீர்ந்துவிட்டது. அந்த இடத்தில், 'பேரூராட்சித் தலைவர் வயிரவநாதன் அவர்களால் திறந்து வைக்கப்பட்ட ஓடை மூடி' என்று ஒரு பெரிய கல்வெட்டை நட்டு, நாடா வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மேலே அடைபட்ட சிரிப்பு கீழே இறங்கியது. ஊர்ச் சிரிப்பு மொத்தமும் கல்வெட்டைத் தாண்டி, கீழத்தெருவில், எந்த இடத்தில் கொம்பையாவின் ஒரு செருப்பு மட்டும் மிதந்ததோ அந்த இடத்துக்கு வந்து தேங்கி நின்று, விடாமல் சிரித்தது. பால் குடிக்கிற பிள்ளைகள் அரண்டு அழுதன. நோயாளிகள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். பேராச்சியின் மிஷின் ஓடுகிற சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

பேராச்சியும் தெருப் பெண்களும் சேர்ந்து வயிரவநாதனைப் பார்க்கப் போனார்கள்.

"கீழத்தெருவுக்கு அடுத்த வருசம் பாப்போம்" என்றார் அவர். "அதுவரைக்கும் கேட்டா என்ன? கெட்ட வார்த்தையா சொல்லுது? நம்ம ஊருச் சிரிப்புதான."

"எங்க சிரிப்பு அதுல இல்லியே தலைவரே" என்றாள் மரியபுஷ்பம். மீன் விற்கிறவள், குரலைத் தணித்துப் பேசிப் பழக்கம் இல்லாதவள். "உங்க சிரிப்பு எங்க சோத்துல வந்து விழுது. உங்க வீட்டு நாயி எங்க வாசல்ல வந்து கொலைச்சா கெட்டிப் போடச் சொல்ல மாட்டமா?"

"புத்தகம் படிச்சிருந்தா உனக்கும் சிரிப்பு வந்திருக்கும்."

"வந்திருக்கும். இவ பக்கத்து வீட்டுல இருந்துகிட்டு எந்த மூஞ்சிய வச்சுச் சிரிக்க?"

வயிரவநாதன் பேராச்சியைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் திரும்பி நடந்தாள்.

மாசி பிறந்தது. புத்தகங்களில் சிரிப்பு இல்லாவிட்டாலும் கூட்டத்தை நிறுத்த யாருக்கும் மனமில்லை. சொள்ளமுத்து நூல் கேட்டு வந்தான். மற்றவர்களைப்போல அவனும் நூல்கண்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"குடுக்கல" என்றாள் பேராச்சி. "நானே கொண்டாறேன்."

"நீங்களா மதினி? கூட்டத்துக்கா?"

"ஏன், நான் படிக்கக் கூடாதா?"

கூட்டத்தன்று வாசகசாலை நிறைந்திருந்தது. வரிசையாக எழுந்து பேசினார்கள். 'ஆடு தின்ற கோப்பு' படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றார் தபால்காரர், எண்ணெய் தீர்ந்த விளக்குபோல இருந்தது முகம். 'அத்தைக்கு ஒரு சிலை' படித்துவிட்டு பஸ்ஸில் சிரித்ததற்கு நடத்துனர் என்னை இறக்கிவிட்டார் என்றார் வாத்தியார் ஒருவர். வயிரவநாதன் தலைமை நாற்காலியிலிருந்து எழுந்து, தமக்கு என்றைக்கும் 'மாலை வரவில்லை'தான் என்றும், அதைப் படிக்காதவன் தமிழனே இல்லை என்றும் சொல்லி, நூலுக்காகக் கையை நீட்டினார்.

அப்போது பேராச்சி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் மரியபுஷ்பமும் கீழத்தெருப் பெண்களும், இடுப்பில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தோடு, குடத்தின் வாயைத் தட்டால் மூடியபடி வந்தார்கள். நாற்றம் அவர்களுக்கு முன்னால் வந்தது. குடங்களை மேடைக்கு எதிரே வரிசையாக இறக்கி வைத்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் வயிரவநாதன்.

"உங்க சாமான்" என்றாள் மரியபுஷ்பம். "எங்க தெருவுல விட்டுட்டுப் போயிட்டீய."

பேராச்சி மேடையேறி அவர் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். "நானும் ஒண்ணு சிபாரிசு பண்ணுதேன். இதத்தான். ஆனா நான் வாசிச்சுக் காட்டுவேன், இருந்து கேக்கணும்."

யாரும் எழுந்து போகவில்லை. போகிறவன் யார் என்று பார்க்க ஊரே உட்கார்ந்திருந்ததால் யாராலும் போக முடியவில்லை.

பெண்கள் தட்டுகளை எடுத்தார்கள். பேராச்சி, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். மழை வந்தது, பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தான், தண்ணீருக்கு அடியில் பாதை எது ஓடை எது என்று தெரியவில்லை, கால் வழுக்கியது. மாலை முடிதிருத்தும் கடைக்குப் போனது. ஒரு குடத்திலிருந்து கோழி கொக்கரித்தது. சிலையின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார்கள். தபால்காரர் குடத்துக்குள் கெக்கலித்தார். தலைவரும் துணைத்தலைவரும் மாலையை இழுத்தார்கள், பூ கொட்டியது. எல்லாக் குடங்களும் பொங்கின. அவள் நிறுத்தவில்லை, சத்தத்தைக் கூட்டவும் இல்லை. அன்னாரின் நீண்ட பொதுவாழ்வு என்று வாசித்தபோது, முன்வரிசைக் குடத்திலிருந்து மோட்டார் இழுத்து இழுத்துக் கிளம்பியது. ஒரு பிணத்தைச் சுற்றி நின்று ஒரு ஊர் எப்படிச் சிரித்தது என்பதை அந்த ஊர் வாய் மூடி உட்கார்ந்து கேட்டது. தன் குரலைக் கேட்ட ஒவ்வொருவரும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்கள். சிவப்பு நூல் கட்டும் இடம் அதுதான்.

பேராச்சி பக்கத்தைத் திருப்பினாள்.

குடங்கள் சட்டென்று அடங்கின. அந்தப் பக்கத்தில் யாருடைய சிரிப்பும் இல்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்துக்கு யாரும் வந்ததே இல்லை. அவளும் வந்ததில்லை.

அவள் வாசித்தாள். இரங்கல் கூட்டம் கலைந்த சாயங்காலம், ஒருவர் மட்டும் பையனின் வீட்டுக்குப் போகிறார். கதவு திறந்து கிடக்கிறது. அம்மா தரையில் உட்கார்ந்து, பையனின் பள்ளிக்கூட டவுசரை மடியில் போட்டு, அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். வளர்கிற பிள்ளைக்கு மடிப்பை உள்ளே விட்டுத் தைப்பார்கள், வருஷத்துக்கு ஒரு மடிப்புப் பிரிப்பார்கள். அவள் ஒரு மடிப்பைப் பிரிக்கிறாள், அடுத்ததையும் பிரிக்கிறாள், பத்தாம் வகுப்புவரை பிள்ளைக்கு நீளம் காணுகிற மாதிரி பிரித்துக்கொண்டே இருக்கிறாள். வந்தவர் கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல், வாசலில் கழற்றிய தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்.

பேராச்சி நிறுத்தினாள். அன்றைக்கு வாசலில் சங்கரபாகம் நின்றது அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் அந்த டவுசருக்கும் மட்டும் தெரிந்த சாயங்காலம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் விரலை வைத்து, அதிகாரம் முடியும்வரை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். நூல்கண்டை எடுத்து, முன்பக்க அட்டையிலிருந்து பின்பக்க அட்டைவரை முழுப் புத்தகத்தையும் சுற்றிக் கட்டி, வயிரவநாதனின் கையில் வைத்தாள்.

"கடைசி வரைக்கும் படிங்க. படிச்சிட்டு அவங்கவங்க கொடத்த எடுத்துக்கிடுங்க."

வயிரவநாதன் தொண்டையைச் செருமினார். "உருக்கமா எழுதியிருக்காரு. அடுத்த வருசம் இந்தப் பக்கத்துக்கும் ஒரு..."

சொள்ளமுத்து எழுந்தான். எழுந்தவன் குடத்தை எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை, நேரே வெளியே போய்த் தன் கடை வாசலில் கிடந்த கருங்கல் பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். தனியாக அசைக்க முடியவில்லை. பின்னால் வந்த தபால்காரர் மறுமுனையைப் பிடித்தார், நடுவில் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். உட்கார்ந்து சிரிப்புக் கேட்ட அந்தக் கல் கீழத்தெருவுக்குப் போய், செருப்பு மிதந்த இடத்தின்மேல் குறுக்கே விழுந்தது. பிறகு துவைகற்கள் வந்தன, மண்டி வாசற்படி வந்தது, மாட்டுத் தொட்டியின் அடிக்கல் வந்தது. கடைசியில் ஓர் இடம் மட்டும் மூடாமல் நின்றது. மரியபுஷ்பம் கல்வெட்டைப் பார்த்தாள். பெண்கள் அதைப் பிடுங்கி, எழுத்து உள்பக்கமாக, ஓடையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டார்கள். தலைவர் பெயர் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, இன்றும் அப்படியேதான் கிடக்கிறது. அந்த வேலை தம் உத்தரவின்பேரில் நடந்ததாக அவர் பின்னால் அறிக்கை விட்டார்.

சிரிப்பு அடங்கியது. மற்றப் புத்தகங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, 'ஆடு தின்ற கோப்பு' படித்து இப்போதும் ஆட்கள் பஸ்ஸில் சிரிக்கிறார்கள். 'மாலை வரவில்லை'க்கு மட்டும் திரும்பவில்லை. இன்னும் அதைத்தான் அதிகம் சிபாரிசு செய்கிறார்கள், கடைசிப் பக்கம்வரை படி என்று சொல்லியே கொடுக்கிறார்கள், வாங்குகிறவர்கள் இரண்டு கையாலும் வாங்குகிறார்கள்.

கல் போட்ட மறுநாள் சொள்ளமுத்து தூக்குவாளியில் காப்பியோடு கீழத்தெருவுக்கு வந்தான். தம்ளரை மிஷின் பலகைமேல் வைத்துவிட்டு, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"இனிமே கோவம் இல்லையே மதினி?"

பேராச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கல்லு போட்டது ஓடைக்கு" என்றாள், மிஷினை மிதித்தாள்.